இரண்டு இஞ்சுத் தகட்டில் ஆறு துளை

டெய்ரி ஃபார்ம், போர்ட் பிளேயர்
26-3-1966

சகலை கிருஷ்ணமூர்த்திக்குக் குழந்தைவேலு எழுதுவது.

நலம் விசாரித்து எழுதச் சொன்னாள் மரகதம். விசாரித்தாயிற்று. தங்கச்சி இந்திராணியையும் கேட்டதாகச் சொல்லச் சொன்னாள், சொல்லிவிடும். இனி வேலைப் பேச்சு.

உம்முடைய தகடு நாளைக்குக் கப்பல் ஏறுகிறது. கார் நிக்கோபார் ஜெட்டியில் கிரேன் நிற்பதற்கான அடித்தகடு. ஐந்தடி நீளம், இரண்டரை அடி அகலம், இரண்டு இஞ்சு கனம். வரிசைக்கு மூன்றாக இரண்டு வரிசை, மொத்தம் ஆறு துளை. எல்லாம் போட்டு முடித்துவிட்டேன்.

இதற்கு நீர் எனக்கு அனுப்பியது என்ன? ஒரு பலகை. நவம்பர் மழையில் சொட்டச் சொட்ட வந்த கர்ஜன் மரப் பலகை. அதில் ஆறு ஓட்டை, மூலையில் உம் கையெழுத்து. கூடவே 'இதன்படி துளை இடவும்' என்று ஒரு வரி. டிராயிங் இல்லை, அளவும் இல்லை. நானும் கேட்கவில்லை. உம்மிடம் போய்க் கேட்பேனா? தகட்டின் மேல் வைத்து அந்த ஓட்டைகளைப் பார்த்தபோது எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. ஒன்றாவது வட்டமாக இருக்கிறதா ஐயா? ஆறும் கோழிமுட்டை மாதிரி. எந்தக் குருட்டுத் தச்சனைப் பிடித்தீர்? ஒவ்வொரு முட்டைக்கும் நடு கண்டுபிடித்துப் பஞ்ச் அடிப்பதற்கே எனக்கு அரை நாள் போயிற்று.

கல்கத்தாவிலிருந்து தகடு வந்து சேரப் பிப்ரவரி ஆகிவிட்டது. அதுவரை உம் பலகையைக் கரையான் தின்னாமல் உலைக்குப் பின்சுவரில் மாட்டிக் காப்பாற்றியதும் நான்தான்.

எங்கள் மெஷினில் ஏறுகிற பெரிய பிட்டே ஒன்றரை இஞ்சு. உமக்கு வேண்டியதோ இரண்டரை இஞ்சுத் துளை. எப்படிப் போட்டிருப்பேன், டிப்ளமா படித்த ஓவர்சியர் நீர், சொல்லும் பார்ப்போம். உமக்குத் தெரியாது. முதலில் அரை இஞ்சில் ஒன்று. பிறகு அதையே ஒரு இஞ்சாக்கி, பிறகு ஒன்றரையாக்கி, அதற்கப்புறம் பிட்டைக் கழற்றிவிட்டுக் கனமான தண்டு ஒன்றை மாட்ட வேண்டும். தண்டின் மூக்கு அந்த ஒன்றரை இஞ்சுத் துளைக்குள்ளேயே இறங்கிச் சுற்றும். பக்கவாட்டில் ஒற்றை உளி. ஒரு சுற்றுக்கு மயிரிழை அளவு. விடாமல் சோப்புத் தண்ணீர் ஊற்ற வேண்டும். அவசரப்பட்டால் உளியின் முனை நீலம் பாய்ந்து போய்விடும். ஒரு துளைக்கு ஒன்றரை நாள். கடைசியில் இரண்டேகால் இஞ்சு போல்ட்டை மேலிருந்து விட்டுப் பார்த்தேன். ஓரம் தொடாமல் இறங்கித் தரையில் 'டங்' என்று விழுந்தது. ஆறிலும் அப்படித்தான்.

போன வருஷம் உம் மகளுக்குப் பெயர் வைத்த அன்று, வந்திருந்த ஏர்ஃபோர்ஸ்காரர்களிடம் என்னைக் காட்டி, "இவர் எங்க சகலை, போர்ட் பிளேயர்ல ஓட்டை போடுறார்" என்றீரே. எல்லோரும் சிரித்தார்கள். அந்த ஓட்டை இப்போது கப்பலில் வருகிறது, விரலை விட்டுத் தடவிப் பாரும்.

ஒரு விஷயம். பதினொரு வருஷமாக நான் டெம்பரரி. என்னைப் பக்கா ஆக்குகிற உத்தரவு ஃபைலில் ஏறிவிட்டது, இந்தக் குவார்ட்டர்ஸும் அதோடு எனக்கு நிலைக்கும். கிரேன் நின்ற அன்று கையெழுத்து என்று இன்ஜினியர் சாகேப் தன் வாயால் சொல்லியிருக்கிறார். ஆகவே தகட்டைச் சீக்கிரம் உட்கார வையும். மேல் எது கீழ் எது என்று சுண்ணாம்பில் எழுதியிருக்கிறேன், உமக்காகத்தான்.

குழந்தைவேலு


கார் நிக்கோபார்
14-4-1966

மதிப்பிற்குரிய சகலை அவர்களுக்கு, கிருஷ்ணமூர்த்தி வணக்கத்துடன் எழுதிக்கொள்வது.

தகடு கிடைத்தது. தங்கள் சுண்ணாம்பு எழுத்தும் கிடைத்தது. மேலே என்பதற்கு எந்த 'லே' போட வேண்டும் என்று இன்னும் கற்றுக்கொள்ளவில்லை என்பதைக் கவனித்தேன்.

நேற்றுக் காலை செயின் புல்லியில் தூக்கி போல்ட்டுகளின் மேல் இறக்கினோம். கிராமத் தலைவர்களும் வந்திருந்தார்கள், கிரேன் வந்தால் மூட்டைகளைத் தோணியில் ஏற்றி இறக்கும் தொல்லை தீரும் என்று அவர்களுக்கும் ஆசை. ஒரு வரிசை போல்ட் மூன்றும் அழகாக நுழைந்தன. மற்ற வரிசை மூன்றின் தலைமேலும் தகடு போய் உட்கார்ந்துகொண்டது. சுத்தியலால் அடித்தும் பார்த்துவிட்டார்கள் முட்டாள்கள். கடைசியில் மறுபடி தூக்கி அளந்தேன். நீளவாக்கில் குறை சொல்ல இடமில்லை. அகலவாக்கில்தான் தங்கள் கைவண்ணம். இரண்டு வரிசைக்கும் நடுவே பதினெட்டு அங்குலம் வேண்டும். தங்கள் தகட்டில் பதினேழு அங்குலமும் மூன்று நூலும் இருக்கிறது. அங்குலத்துக்கு எட்டு நூல் என்பது தங்களுக்கே தெரியும். ஆக ஐந்து நூல் குறைவு.

போல்ட்டுகள் நான்கடி காங்கிரீட்டுக்குள் இருக்கின்றன. அவை நகராது. பதினொரு வருஷம் ஒரே மெஷினின் முன்னால் நின்றவர் டேப்பை ஒழுங்காகப் பிடிப்பார் என்று நம்பினேன். என் தவறுதான்.

ஒரு துளை தப்பினால் கை நடுங்கியது எனலாம். மூன்றும் ஒரே அளவுக்கு உள்ளே தள்ளி விழுந்திருக்கின்றன என்றால், அன்றைக்குக் கணக்கே வேறு எங்கோ இருந்திருக்கிறது. எங்கே என்று நான் கேட்கப் போவதில்லை.

இன்ஜினியர் என்னிடம் ரிப்போர்ட் கேட்டிருக்கிறார். தகட்டில் இருப்பதைத்தான் எழுத முடியும். மரகதம் அக்காவுக்கு வருத்தமாக இருக்கும். உறவு வேறு, உத்தியோகம் வேறு என்பதை எடுத்துச் சொல்லவும்.

தங்கள்
கிருஷ்ணமூர்த்தி


டெய்ரி ஃபார்ம்
29-4-1966

ஓய் கிருஷ்ணமூர்த்தி,

உம் கடிதத்தை மரகதத்திடம் கொடுக்காமல் நானே இரண்டு தடவை படித்தேன். கணக்கு வேறு எங்கோ இருந்தது என்றால் என்ன அர்த்தம்? நான் குடித்துவிட்டு மெஷினில் நின்றேன் என்கிறீரா? எழுதுகிறவர் நேராக எழுத வேண்டும். வாலை மட்டும் காட்டிவிட்டு வளைக்குள் போகக் கூடாது.

கடிதம் வந்த அன்றே பலகையை இறக்கி நாலு பேருக்கு முன்னால் அளந்தேன். பலகையிலும் பதினேழும் மூன்று நூலும்தான்! உம் கையெழுத்து உள்ள அதே பலகை. பலகையில் இருப்பது தகட்டில் இருக்கிறது, தகட்டில் இருப்பது பலகையில் இருக்கிறது. இதற்கு மேல் ஒரு மிஸ்திரி என்ன செய்ய வேண்டும்? ஜோசியம் பார்க்க வேண்டுமா? போல்ட்டை எங்கே நட்டீர் என்று நீர்தான் தேட வேண்டும். வாயில் விசிலை வைத்துக்கொண்டு குடைக்குள் நின்று நட்டிருப்பீர்.

உம் ரிப்போர்ட் உம் கடிதத்துக்கு முன்னாலேயே இங்கே வந்துவிட்டது. இன்ஜினியர் சாகேப் எல்லோருக்கும் எதிரில், "க்யா மிஸ்திரி, நாப்னா பூல் கயா?" என்று கேட்டார். அளக்க மறந்துவிட்டதா என்று, என்னைப் பார்த்து! பெங்காலி, தெலுங்கன், மலையாளி அத்தனை பேரும் நிற்கிறார்கள். பதினொரு வருஷத்தில் எவனும் என்னைக் கேட்காத கேள்வி. என் ஃபைலைக் கையெழுத்து போடாமல் டிராயரில் வைத்துப் பூட்டிவிட்டார்.

பலகையை நான் வீட்டுக்கே கொண்டுவந்துவிட்டேன். ஒர்க்‌ஷாப்பில் விட்டால் எவனாவது டீ போட அடுப்பில் வைத்துவிடுவான். என் அறைக் கதவுக்குப் பின்னால் நிற்கிறது. விசாரணை வரட்டும், தூக்கிக்கொண்டு போய் மேஜை மேல் போடுகிறேன்.

டிராயிங் அனுப்பியிருந்தால் இந்த வம்பே இல்லை. ஏன் அனுப்பவில்லை? அதற்கு மட்டும் பதில் எழுதும்.

குழந்தைவேலு


கார் நிக்கோபார்
16-5-1966

சகலை அவர்களுக்கு,

கேட்டதற்குப் பதில் எழுதுகிறேன். பலகையின் ஆறு ஓட்டைகளிலும் ஆறு போல்ட்டுகளைத் தொங்கவிட்டு, அப்படியே காங்கிரீட் ஊற்றி, ஏழு நாள் இறுகவிட்டு, அதன் பிறகுதான் பலகையைக் கழற்றிக் கப்பலில் அனுப்பினேன். அன்று பதினெட்டு அங்குலம். டேப்பைப் பிடித்தது நான், பார்த்தவர்கள் பதினான்கு பேர். ஆகவே பலகை பதினேழும் மூன்று நூலும் என்று தாங்கள் சொல்வதை நான் நம்ப வேண்டுமானால் பதினான்கு பேருக்கும் எனக்கும் ஒரே நாளில் கண் கெட்டிருக்க வேண்டும். தகட்டைத் தப்பாகத் துளைத்துவிட்டு, பிறகு அதற்கேற்றபடி வேறு பலகை செய்துகொண்டீர்கள் என்று நினைப்பது சுலபம். கையெழுத்தைக்கூட யாரும் போடலாம்.

டிராயிங் ஏன் அனுப்பவில்லை? அனுப்பி? தாங்கள் அதை எந்தப் பக்கமாகப் பிடித்திருப்பீர்கள்? நீலத்தாள் முழுக்க ஆங்கிலம், கோடு, புள்ளிக்கோடு. எட்டாம் வகுப்பைத் தாண்டாத ஒருவருக்குப் பலகை போதும் என்று நான்தான் முடிவு செய்தேன். ஓட்டைக்கு நேராக ஓட்டை, குழந்தையும் செய்யும் என்று நினைத்தேன்.

இப்போது உத்தரவு வந்திருக்கிறது. தாங்கள் அடுத்த கப்பலில் இங்கே வந்து, இருக்கிற தகட்டையே கையால் ஆட்டித் துளைக்கிற ராட்செட்டால் திருத்தித் தர வேண்டும். புதுத் தகட்டுக்கு அனுமதி இல்லை. நான் அதே கப்பல் திரும்பும்போது போர்ட் பிளேயர் வந்து விசாரணையில் சொல்ல வேண்டும். நாம் இருவரும் ஜெட்டியில் சந்திக்க நேர்ந்தால் பேசிக்கொள்ளும் அவசியம் இல்லை.

சாப்பாட்டுக்கு வேறு இடம் தேட வேண்டாம், எங்கள் வீட்டிலேயே சாப்பிடலாம் என்று இந்திராணி சொல்கிறாள். நான் தங்கள் குவார்ட்டர்ஸில் தங்கிக்கொள்ளும்படி அக்கா எழுதியிருக்கிறார்கள். பெண்கள் ஏற்பாடு. நான் மறுக்கவில்லை.

கிருஷ்ணமூர்த்தி


கார் நிக்கோபார்
22-6-1966

சகலைக்கு,

ஜெட்டியில் நீர் முகத்தைக் கடல் பக்கம் திருப்பிக்கொண்டு படியேறியதைப் பார்த்தேன். குடை மட்டும் என்னைப் பார்த்து ஆடிற்று. அது போகட்டும்.

வேலை நடக்கிறது. நீர் பார்த்திருந்தால் புத்தி வந்திருக்கும். ஒரு வரிசையை ஐந்து நூல் வெளியே தள்ள வேண்டும், மூன்று துளை. பக்கத்தில் இன்னொரு துளை போட்டு இரண்டையும் சேர்க்கலாம் என்று உம் ஆட்கள் ஆரம்பித்திருந்தார்கள். பிட் பழைய துளைக்குள் சறுக்கி விழுந்து இரண்டு பிட் உடைந்திருக்கிறது. வெறும் காற்றை எந்தப் பிட் கடிக்கும்? நான் வரும்போதே போர்ட் பிளேயரில் மூன்று இரும்புக் கட்டைகளைக் கடைந்து எடுத்து வந்தேன். பழைய துளையில் கட்டையை இறுக்கி அடித்து அடைத்துவிட்டு, பாதி கட்டையிலும் பாதி தகட்டிலுமாகப் புதுத் துளை போட வேண்டும். அப்போதுதான் பிட் நேராக இறங்கும். ராட்செட்டை ஒருவன் ஆட்ட, ஒருவன் தேங்காய் எண்ணெய் விட, ஒரு நாளைக்கு முக்கால் இஞ்சு இறங்குகிறது. பிறகு உளி, பிறகு அரம். இங்கே எண்ணெய்க்கு மட்டும் பஞ்சமில்லை.

இனி நான் சொல்வதைக் கவனமாகப் படியும்.

போன வியாழக்கிழமை இந்திராணி சோறு போட்டுவிட்டு, "அத்தான், இந்த அரிசி டின் மூடியைக் கொஞ்சம் பாருங்களேன். உள்ள உள்ள விழுது" என்றாள். வட்டமான மரமூடி. "யார் செய்தது?" என்றேன். "அவங்கதான், நவம்பர்ல. அந்தக் கிரேன் பலகையில மிச்சம் இருந்த துண்டுல. அப்ப டின் வாயில கப்புனு உட்காந்துச்சு" என்றாள். எடுத்துப் பார்த்தேன். ஒரு பக்கம் வட்டம் குறையவில்லை. குறுக்கே மட்டும் மூன்று நூல் சுருங்கியிருக்கிறது. மூடி கோழிமுட்டை ஆகியிருந்தது.

சோற்றில் கை வைத்தபடியே உட்கார்ந்துவிட்டேன். இந்திராணி பயந்து, "உப்பு கூடிடுச்சா?" என்று கேட்டாள்.

பச்சை மரம் ஐயா! நேற்று அறுத்த மரத்தில் நீர் பலகை எடுத்திருக்கிறீர். காயும்போது நீளவாக்கில் கர்ஜன் அசையாது, அகலவாக்கில் சுருங்கும். மெயின்லேண்டில் இரண்டடி அகலத்துக்கு ஒற்றைப் பலகை எவனுக்குக் கிடைக்கும்? நாலு சட்டத்தைச் சேர்த்து அடிப்பான், இல்லாவிட்டால் தகரத்தில் வெட்டுவான். இங்கே மரம் மலை மாதிரி நிற்கிறது என்று ஒரே பலகையில் வெட்டி, மழையோடு மழையாகப் போல்ட் நட்டு, ஈரத்தோடு கட்டி அனுப்பிவிட்டீர். அன்றைக்கு அது பதினெட்டுத்தான், நீர் பொய் சொல்லவில்லை. நான் அதை மூன்று மாதம் உலைக்குப் பின்னால் மாட்டிக் காய வைத்தேன். நான் அளந்தபோது பதினேழும் மூன்று நூலும், நானும் பொய் சொல்லவில்லை.

என் பங்கையும் சொல்கிறேன். ஒரு ஓட்டை நெளிந்திருந்தால் தச்சன் குற்றம். ஆறும் ஒரே திசையில் நெளிந்திருந்தால் அது மரத்தின் வேலை. எந்த மிஸ்திரிக்கும் தெரியும், எனக்கும் தெரியும். உம் பெயரைப் பலகையில் பார்த்ததும் எனக்கு வேறு எதுவும் கண்ணில் படவில்லை, சிரித்துக்கொண்டே பஞ்ச் அடித்தேன். ஒரு வரி எழுதி 'நடு அளவு என்ன' என்று கேட்டிருந்தால் பதினெட்டு என்று எழுதியிருப்பீர். உம்மைக் கேட்பதைவிட நாக்கைப் பிடுங்கிக்கொள்ளலாம் என்றிருந்தேன். நீரும் எனக்கு டிராயிங் வாசிக்கத் தெரியாது என்று நினைத்தீர். ஏழு வருஷமாக நீலத்தாள் பார்த்துத்தான் வேலை செய்கிறேன் ஓய், நீர் தேர்வு எழுதிக்கொண்டிருந்த காலத்திலிருந்து.

விசாரணையில் இதைச் சொல்லும். பலகை காய்ந்திருக்கிறது, அளந்து காட்டும், டிராயிங் அனுப்பவில்லை என்பதையும் சொல்லும். இரண்டு பேருக்கும் ஆளுக்கொரு மெமோ வரும், அவ்வளவுதான். என் ஃபைல் டிராயரை விட்டு வெளியே வரும்.

ஒன்றே ஒன்று. பலகையில் தண்ணீர் படாமல் பார்த்துக்கொள்ளும். பத்து நாள் ஊறினால் மறுபடி விரிந்து பதினெட்டுக்கு வந்துவிடும். அப்புறம் பலகை சரி, போல்ட் சரி, குழந்தைவேலு போட்ட துளைதான் தப்பு என்று ஆகிவிடும். உமக்கு இது தெரிந்திருக்காது என்பதால் விளக்கமாக எழுதுகிறேன். ஊறப்போட்டு என்னைக் கவிழ்க்கலாமே என்று தோன்றினாலும் தோன்றும். செய்யமாட்டீர். அதற்கும் கொஞ்சம் நெஞ்சழுத்தம் வேண்டும், உமக்குக் குடை பிடிக்கவே இரண்டு கை வேண்டியிருக்கிறது.

இங்கே கடை வைத்திருக்கிற சேக் தாவூத் பாய் சரக்கு எடுக்க அங்கே வருகிறார், கடிதத்தை அவர் கையில் கொடுத்து அனுப்புகிறேன். தபாலை நம்பவில்லை.

குழந்தைவேலு


டெய்ரி ஃபார்ம், போர்ட் பிளேயர்
18-7-1966

அன்புள்ள அண்ணன் அவர்களுக்கு,

தாங்கள் நலமாக இருக்க வேண்டும். இங்கே அக்கா நலம். எனக்கு வேளாவேளைக்கு நன்றாகச் சமைத்துப் போடுகிறார்கள். மழை விடாமல் பெய்கிறது.

விசாரணை பதினொன்றாம் தேதி முடிந்தது. தங்கள் கடிதம் அதற்கு மறுநாள்தான் என் கைக்கு வந்தது என்பதை முதலில் சொல்லிவிடுகிறேன். முன்பே கிடைத்திருந்தால் அதில் உள்ள விஷயங்களை எடுத்துச் சொல்லியிருக்கலாம். என்ன செய்வது, கப்பல் நம் கையில் இல்லை.

பலகையை மேஜையில் வைத்து இன்ஜினியரே அளந்தார். பதினெட்டுக்கு அரை நூல் குறைவாக இருந்தது. எனக்கே ஆச்சரியம். அரை நூலை யாரும் பெரிதுபடுத்தவில்லை. தங்கள் வீட்டுக் கூரையில் எங்கோ ஒழுகுகிறது போலிருக்கிறது அண்ணன், கதவுப் பக்கம் தரை ஈரமாகத்தான் இருந்தது. நான் அதை அவ்வளவாகக் கவனிக்கவில்லை. கவனித்திருக்க வேண்டும். மர விஷயத்தில் எனக்கு என்ன தெரியும், தாங்களே எழுதியிருக்கிறீர்கள்.

தங்களுக்கு எதிராக நான் ஒரு வார்த்தைகூடப் பேசவில்லை. கேட்டதற்கு மட்டும் பதில் சொன்னேன். டிராயிங் பற்றி யாரும் கேட்கவில்லை, தாங்கள் ஏப்ரலில் பலகையை அளந்தபோது உடனிருந்த நாலு பேரையும் யாரும் கூப்பிடவில்லை. தாங்கள் குடிப்பவரா என்று ஒருவர் கேட்டார், எனக்குத் தெரியாது என்று சொன்னேன்.

முடிவு தாங்கள் எதிர்பார்த்தபடி இல்லை. பக்கா ஆக்கும் உத்தரவு ரத்து. தகடு வேலை முடியும் வரை தாங்கள் அங்கேயே தினக்கூலியில் இருக்க வேண்டும், பிறகு பார்க்கலாம் என்கிறார்கள். குவார்ட்டர்ஸை அக்டோபருக்குள் காலி செய்ய வேண்டும்.

எனக்கு இங்கேயே போஸ்டிங் ஆகியிருக்கிறது. நான் கேட்டதல்ல, அவர்களாகப் போட்டது. வேறு குவார்ட்டர்ஸ் எதுவும் காலி இல்லாததால் இதையே எனக்கு ஒதுக்குவதாகப் பேச்சு. யோசித்துப் பார்த்தால் இது நல்லதுதான். மூன்றாவது மனிதன் வருவதைவிட நான் வருவது மேல் இல்லையா? அக்கா எங்கேயும் அலைய வேண்டாம், பின் அறையில் இருந்துகொள்ளலாம். இந்திராணிக்கும் ஒத்தாசையாக இருக்கும். அவளையும் குழந்தையையும் அடுத்த கப்பலில் ஏற்றிவிட்டால் பெரிய உதவியாக இருக்கும். சாமான்களைத் தாங்கள் பார்த்துக் கட்டிக் கொடுத்தால் தேவலை.

மனத்தில் எதையும் வைத்துக்கொள்ள வேண்டாம்.

அன்புத் தம்பி
கிருஷ்ணமூர்த்தி


கார் நிக்கோபார்
20-8-1966

கிருஷ்ணமூர்த்திக்கு,

ஆறு வருஷ உறவில் முதல் தடவையாக என்னை அண்ணன் என்று எழுதியிருக்கிறீர். அந்த ஒரு வார்த்தையைப் பார்த்ததுமே மற்றதெல்லாம் புரிந்துவிட்டது. மீதியைச் சும்மா படித்தேன்.

என் கடிதத்தை ஜூன் இருபத்தெட்டாம் தேதி உம் கையில் கொடுத்ததாகச் சேக் தாவூத் பாய் சொல்கிறார். நீர் அதை அவர் எதிரிலேயே உடைத்துப் படித்தீராம். "உங்க சகலைக்குப் படிக்கப் படிக்க வேர்த்துருச்சு, ஃபேன் போடச் சொன்னாரு" என்றார். அந்தக் கூரைத் தகடுகளை அடித்தவன் நான். அந்தக் கதவுப் பக்கம் ஒரு பொட்டு ஒழுகியது கிடையாது. மரகதமும் எழுதியிருக்கிறாள். ஊரெல்லாம் மழை கொட்டுகிறது, இந்த மனுஷன் மட்டும் வெளியே இருந்து வாளி வாளியாகத் தண்ணீர் எடுத்துக்கொண்டு அறைக்குள் போகிறார், உடம்புக்கு ஏதாவது சீக்கா என்று கேட்டிருக்கிறாள். கதவுக்குப் பின்னால் பலகைமேல் கிடந்த ஈரச் சாக்கு நாறுகிறது என்று அதைத் துவைத்தும் போட்டாளாம். பாவம், உமக்கு ஒத்தாசை.

நெஞ்சழுத்தம் இல்லை என்று எழுதினேன். அது என் தப்புத்தான். உம்மைப் பற்றிக் குறைவாக எடை போட்டுவிட்டேன், இன்னும் கீழே இருக்கிறீர்.

உமக்கு வழி சொல்லிக் கொடுத்தவனே நான் என்பதை நினைத்தால்தான் எனக்கு ஆறவில்லை. எனக்குத் தெரியும், உமக்குத் தெரியாது என்று காட்டிக்கொள்ளாமல் இருந்திருந்தால் பலகை காய்ந்தபடியே மேஜைக்குப் போயிருக்கும்.

இனி வேலை விஷயம். மூன்றாவது துளையை ஆகஸ்ட் பத்தாம் தேதி முடித்தேன். தகட்டை இறக்கியபோது ஆறு போல்ட்டும் ஒன்றாக ஏறின. துளை நீண்டுபோன இடங்களில் முக்கால் இஞ்சு கனத்தில் வாஷர் வெட்டிப் போட்டிருக்கிறேன். கிரேன் நின்றுவிட்டது. பதினேழாம் தேதி முதல் மூட்டையைத் தூக்கிற்று. உம் ஆள் பதினான்கு பேரும் கை தட்டினார்கள். சோப்பு போட்டும் என் கையில் தேங்காய் எண்ணெய் நாற்றம் போகவில்லை.

அதைப் பார்க்க இன்ஜினியர் சாகேப் பிளேனில் வந்திருந்தார். நான் மூடியை எடுத்துக் காட்டியிருக்கலாம். காட்டவில்லை. வேலை போனவன் சாக்குச் சொல்கிறான் என்பார். அவரிடம் ஒரே ஒரு மனுதான் கொடுத்தேன். பிப்ரவரியில் கிரேனுக்குக் கடைசி லோடு டெஸ்ட் இருக்கிறது. அதுவரை அந்தப் பலகை சர்க்கார் சாட்சி, ஆகவே அவர் அறை அலமாரியில் வைத்துப் பூட்டிச் சாவியை அவரே வைத்துக்கொள்ள வேண்டும், பிப்ரவரியில் இன்னொரு தடவை எல்லோர் எதிரிலும் அளக்க வேண்டும். ஏன் என்று கேட்டார். "ஒரு அரை நூல் குறையுது சாப், அது எங்கே போச்சுன்னு பார்க்கணும்" என்றேன். சிரித்துவிட்டு, "டீக் ஹை, ஃபெப்ருவரி மே தேக்கேங்கே" என்று மனுவின் ஓரத்தில் கையெழுத்து போட்டார். பிப்ரவரியில் பார்ப்போம் என்கிறார். உமக்கும் நகல் வரும். மே பதினாறாம் தேதி நீர் எழுதிய கடிதத்தை, அந்த 'எந்தப் பக்கமாகப் பிடித்திருப்பீர்கள்' கடிதத்தை, நானும் பத்திரமாக வைத்திருக்கிறேன். அதையும் அன்றைக்குத்தான் கொடுப்பேன்.

அந்த அலமாரிக்கு நேர் எதிரே மேற்குப் பார்த்த ஜன்னல் இருக்கிறது, மழை விட்டால் சாயங்கால வெயில் முழுக்க அலமாரி மேல்தான். நீரும் பார்த்திருப்பீர்.

மரகதம் உம் பின் அறையில் இருக்க மாட்டாள். பத்துபஸ்தியில் அவளுக்குப் பழக்கமான அலமு வீட்டில் ஒரு போர்ஷன் பார்த்துச் சொல்லியிருக்கிறேன், இந்தக் கடிதம் வரும் முன்பே போயிருப்பாள். குவார்ட்டர்ஸ் சாவியைக் கதவிலேயே விட்டுவிடச் சொன்னேன். தாராளமாக இரும்.

இந்திராணியும் குழந்தையும் இந்தக் கப்பலில் வருகிறார்கள். சாமான்களை நானே கட்டினேன், ஒன்றும் உடையாது. அவளிடம் நான் எதுவும் சொல்லவில்லை. அரிசி டின்னை மட்டும் கட்டாமல் கையிலேயே கொடுத்திருக்கிறேன். அதன் மூடியை எட்டு நாள் மழையில் போட்டு வைத்திருந்தேன், விரிந்துவிட்டது. இப்போது டின் வாயில் கப்பென்று உட்கார்ந்திருக்கிறது. அடுப்படியில் வைக்கச் சொல்லும். டிசம்பரில் மழை விடும். ஜனவரியில் வெயில் ஏறும். தினமும் காலையில் ஆபீஸ் போகும் முன் அந்த மூடியை விரலால் ஒரு தடவை தட்டிப் பாரும். அது டின்னுக்குள் விழுகிற அன்றைக்குப் பலகையும் தயாராகிவிட்டது என்று அர்த்தம்.

குழந்தைவேலு